பூநகரிப் பக்கம் கள்ளுத் தவறணைக்குப் போறது: எப்ப, எப்படி? (கருத்துக்களக் கேள்வி-பதில்; தலைப்பாக வாற பேர்கள் எழுதினவையின்ரை புனைபெயர்கள்)

பாலியாறு:
மார்கழி (டிசம்பர்) 20 அளவில் மன்னாரிலிருந்து ஏ32 வீதியால் பூநகரி வந்து, சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போற திட்டம். ஆறு பேர், ஒரு வான். இரண்டு பேர் ஜேர்மனியிலிருந்து வாறவை. ஹோட்டல் பார் வேண்டாம், ஊர்த் தவறணையிலை இருந்து பனங்கள்ளு குடிக்க வேணும் எண்டு நிக்கினம். குழுவிலை இரண்டு பெண்களும் இருக்கினம். எத்தனை மணிக்குப் போறது நல்லது? ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்? சீனிக் கள்ளை (சீனித்தண்ணி கலந்த கள்ளு) எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் போத்தலிலை அடைச்சு யாழ்ப்பாணம் கொண்டு போகலாமோ?

சங்குப்பிட்டி:
மணியை விடுங்கள், முதலில் மாதத்தைப் பாருங்கள். மார்கழியில் பனங்கள்ளைத் தேடி வந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பனை தை மாதத்தில்தான் பாளை (பூங்குலை) தள்ளத் தொடங்கும். மாசி, பங்குனியில் ஓட்டம் கூடி, ஆவணியோடு ஓய்ந்துவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தவறணையில் கிடைப்பது தென்னங்கள்ளு. அதுவும் நல்ல கள்ளுதான். ஆனால் பனங்கள்ளின் வாசம் அதில் வராது. அந்த மாதத்தில் ‘பனங்கள்ளு’ என்று சொல்லித் தந்தால் எந்த மரத்தில் இறக்கினது என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கள்ளுச் சொட்டப் பாளையில் கட்டுகிற முட்டிக்குள் (மண்பானை) மழைத்தண்ணி விழுந்தால் கள்ளு நீர்த்து, சீக்கிரம் புளிக்கும். நனைந்த மரம் வழுக்கும் என்பதால் சில நாட்களில் ஏறவே மாட்டார்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுக்க மது விற்பனை இல்லை, தவறணையும் பூட்டு. போயாவுக்கு அடுத்த நாள் காலையும் என்னைக் கேட்டால் வேண்டாம். மரத்துக்கு விடுமுறை கிடையாது. பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஓட்டம் நின்றுவிடும், அதனால் போயாவிலும் ஏறித்தான் ஆகவேண்டும். விற்க முடியாத கள்ளு எங்கேயோ போகத்தானே வேண்டும்? அடுத்த நாள் முட்டியில் பழசு கலந்திருக்க இடமுண்டு.

பன்னாடை:
மேலே சொன்னது சரி. மணிக்கணக்கை நான் சொல்லுறன், ஏனெண்டால் கள்ளிலை எல்லாமே மணிக்கணக்குத்தான்.

பாளையைக் காலையும் பின்னேரமும் மெல்லிசாச் சீவுவினம். பின்னேரம் கட்டின முட்டியைக் காலையிலை இறக்கேக்கை அது இரவு முழுக்கப் புளிச்ச கள்ளு. ‘உடன் கள்ளு, வெறிக்காது’ எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. பாளையிலிருந்து சொட்டேக்கை 12 வீதமளவு சீனி இருக்கும். முட்டியின்ரை உள்சுவரிலை ஒட்டியிருக்கிற பழைய மண்டிதான் உறை. பாலுக்குத் தயிர் மாதிரி. புது முட்டியிலை கள்ளு பிந்தித்தான் பொங்கும், காரணம் அதுதான்.

காலை இறக்கின கள்ளிலை இனிப்பு இன்னும் இருக்கும், நாக்கிலை சின்னதாச் சுறுக்கெண்டும். மத்தியானமாகினால் சீனி போய் வெறியம் (மதுசாரம்) 5 வீதத்துக்குக் கிட்ட வந்திடும். பின்னேரம் புளிப்புத்தான் முன்னுக்கு நிக்கும். அடுத்த நாள் அது விநாகிரிக்குப் போற வழியிலை நிக்கிற சாமான். புதுசாக் குடிக்கிற ஆக்களைக் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையிலை கூட்டிக்கொண்டு போங்கோ. உள்ளூர் ஆக்கள் கனபேர் பின்னேரக் கடுப்பைத்தான் விரும்புவினம், ஆனால் முதல் தடவைக்கு அது சரிவராது.

அளவு: ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். 5 வீதமெண்டால் சுத்த வெறியம் 37 மில்லிலீற்றருக்கு மேலை. 625 மில்லிலீற்றர் பெரிய பியர்ப் போத்தலிலை அதே 5 வீதத்துக்கு 31 தான். இனிப்பு மறைக்கிறதாலை இளநீர் மாதிரி இறங்கும், எழும்பேக்கைதான் தெரியும். ஆறு பேருக்கு முதலிலை மூண்டு போத்தல் எடுங்கோ, காணாட்டிப் பிறகு பாக்கலாம். பியரோ சாராயமோ கலக்க வேண்டாம். வயிறு முதலே நிரம்பியிருக்க வேணும், கள்ளு வயித்துக்குள்ளையும் பொங்கும்.

போத்தலின்ரை அடியிலை ரெண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாப் படியிற அடிமண்டியை ஊத்தாதேங்கோ. அடுத்த நாள் வயித்தாலை போறதுக்குக் கள்ளைப் பழி சொல்லுவினம், பிழை அந்த மண்டியிலைதான்.

சீனிக் கள்ளு: நிறத்தைப் பாத்துப் பிடிக்கேலாது. நல்ல கள்ளும் வெள்ளை, சீனித்தண்ணி கலந்ததும் வெள்ளை. மோந்து பாருங்கோ. பனங்கள்ளிலை பாளை வாசம் அடியிலை நிக்கும். சீனியும் ஈஸ்ற்றும் போட்டதிலை பாண் சுடுற போறணை வாசம் அடிக்கும், வாயிலை இனிப்பு பட்டெண்டு வந்து பட்டெண்டு போகும், பிறகு தண்ணிதான். எறும்பு, தேனீ மிதந்தால் நல்ல கள்ளெண்டு சொல்லுவினம். சீனித்தண்ணிக்கும் எறும்பு வரும், அதை நம்பேலாது.

இதை விட நல்ல வழி எண்ணிப் பாக்கிறது. ஒரு மரம் ஒரு நாளைக்குச் சில லீற்றர்தான் தரும். காலையிலை எத்தனை பேர் கள்ளுக் கொண்டுவந்து ஊத்துகினம் எண்டு பாருங்கோ. ரெண்டு பேர் ஊத்தின பீப்பா இரவு வரைக்கும் குறையாமல் நிண்டால் மிச்சத்தை மரம் தரேல்லை. கூட்டுறவுச் சங்கத் தவறணை எண்டால் அளந்து எழுதித்தான் எடுப்பினம், எனக்கு அங்கைதான் நம்பிக்கை.

முறிகண்டி:
போற ஆக்களின்ரை நடத்தையைப் பற்றியும் யாராவது சொல்ல வேணுமே.

பெண்கள் விஷயம்: தவறணையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற அறிவித்தல் 1979 ஆம் ஆண்டு வந்தது. 2018 தை மாதம் நீக்கினார்கள், சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டம் நியாயமா என்பது வேறு கதை. ஆனால் விற்கிறவர் மாட்டேன் என்றால் அவரோடு வாக்குவாதப்பட வேண்டாம், அனுமதி போனால் அவருடைய பிழைப்புத்தான் போகும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் விற்கமாட்டார்கள்.

படம்: பனையை எடுங்கள், முட்டியை எடுங்கள். வாங்கில் இருந்து குடிக்கிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். வெயிலில் வேலை முடித்துவிட்டு வந்து இருக்கிறவர்கள் அவர்கள், காட்சிப்பொருள் இல்லை. சீவல் தொழில் செய்பவரை ‘அண்ணை’ என்றோ வயதானவரென்றால் ‘ஐயா’ என்றோ கூப்பிடுங்கள். மரத்தின் உச்சியில் நிற்பவரைக் கீழிருந்து கூப்பிட்டுக் கதை கேட்பதும் அடிமரத்தில் நிற்பதும் கூடாது. காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, ஒரு கையில் முட்டி. அவர் குனிந்து பார்க்கிற நிலையில் இல்லை.

பிளா கிடைத்தால் விடாதீர்கள், இப்போது பல இடங்களில் பிளாஸ்ரிக் கோப்பைதான். பனையோலையை விரித்து இரண்டு முனையையும் சுருக்கிக் கட்டினால் தோணி மாதிரி வரும், அதுதான் பிளா. இரண்டு கையாலும் ஏந்த வேணும். ஒரு கையால் அமத்தினால் விளிம்பு மடிந்து சட்டையில் ஊத்தும். அடி தட்டையில்லை, கீழே வைக்கவும் ஏலாது. அதனால் அரைப் பிளா ஊத்தச் சொல்லி, குடித்து முடித்துவிட்டுத் திரும்ப நீட்டுங்கள்.

கடிக்கிறதுக்குச் சுட்ட கருவாடு, அவித்த முட்டை, இறால் வறுவல், கச்சான் ஏதாவது இருக்கும். உறைப்புக் கூடினதை முதலில் கேட்காதீர்கள், உறைப்பு அடங்கக் கள்ளுக் கூடிவிடும்.

பாலியாறு:
நன்றி. பயணத்தை மாசிக்குத் தள்ளியாச்சு. ரெண்டு விஷயம் மிச்சம். வான் ஓட்டுறவருக்கு என்ன குடுக்கலாம்? போத்தலிலை கொண்டு போறது பற்றி ஒருவரும் சொல்லேல்லையே?

சங்குப்பிட்டி:
ஓட்டுநருக்குக் கருப்பணி (பதநீர்). முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிக்காமல் இனிப்பாகவே இறங்கும், பனங்கட்டி காய்ச்சுவதும் இதில்தான். தவறணையில் தேடாதீர்கள். பனங்கட்டி காய்ச்சுகிற வீடுகளில் முதல்நாளே சொல்லி வைத்தால் காலையில் கிடைக்கும். சுண்ணாம்பு குறைந்தால் மெல்லப் புளித்துவிடும், அதனால் ஓட்டுநருக்குக் கொடுக்கமுன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்கில் சுறுக்கென்றால் அது கள்ளுத்தான். கள்ளு குடித்தவர் வான் ஓட்டவே வேண்டாம். சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம், அதை நாக்கால் அளக்க முடியாது.

பன்னாடை:
போத்தல்: மூடியை இறுக்கினால் வெடிக்கும். சும்மா சொல்லேல்லை, புளிக்கப் புளிக்கக் காத்து வந்துகொண்டே இருக்கும், வெயிலிலை நிக்கிற வானுக்குள்ளை இன்னும் வேகமா வரும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். பிளாஸ்ரிக் போத்தலிலை முக்கால்வாசி ஊத்தி, மூடியை அரைச்சுத்துத் தளர்த்தி, ஐஸ் பெட்டியிலை நிமித்தி வையுங்கோ. ஐஸ் புளிக்கிறதை மெதுவாக்கும், நிப்பாட்டாது. எவ்வளவு கொண்டு போகலாம், அனுமதித் துண்டு வேணுமோ எண்டதைத் தவறணையிலையே கேளுங்கோ.

வாங்கேக்கை வடிச்சுத் தரச் சொல்லுங்கோ. முந்தி வடிக்கிறது பன்னாடையாலை (மட்டையடியிலை இருக்கிற வலை மாதிரி நார்; என்ரை பேரும் அங்கையிருந்துதான்), இப்ப நைலோன் வடி. எதாலை வடிச்சாலும் பரவாயில்லை, பூச்சி போத்தலுக்குள்ளை போகாட்டிச் சரி. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ளை குடிச்சு முடியுங்கோ. மிஞ்சினதை ஊத்த வேண்டாம், மூடியைக் கழட்டித் துணி கட்டி வைச்சால் கொஞ்ச நாளிலை மீன் குழம்புக்கு நல்ல விநாகிரி.