ஒரே முறை தோன்றும் எச்சரிக்கை: லினக்ஸ்சிஎன்சியைக் குறை கூறலாமா?

திருகாணி:
“காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டவர் குறை சொல்ல வரக்கூடாது” என்று நேற்று பல்சக்கரம் எழுதியதைப் படித்தபின் வாய் மூடியிருக்க மனம் வரவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குறித்த கணத்தில் செய்ய வேண்டியதைக் கணினி பிந்திச் செய்யும் நிகழ்நேரத் தாமதம் எல்லை மீறினால், வெட்டு இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி காட்டும் எச்சரிக்கை, ஓர் அமர்வில் ஒரே ஒரு முறைதான் தோன்றுகிறது. காலையில் மென்பொருளைத் தொடங்கியதும் அது வந்தது, மூடிவிட்டேன். மாலையில் அலுமினியத் தகட்டில் வட்டக்குழி வெட்டிக்கொண்டிருந்தபோது எக்ஸ் அச்சின் மோட்டார் முனகி நின்று மறுபடி ஓடியது. திரையில் ஒரு செய்தியும் இல்லை. நிலை எண்கள் எதுவும் நடக்காததுபோல் நகர்ந்தன. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் வட்டத்தின் பாதி 0.4 மி.மீ. விலகியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை வேண்டும்?

பல்சக்கரம்:
அந்தச் செய்தியின் கடைசி வரியை நீங்கள் படிக்கவில்லை. கணினி எவ்வளவு பிந்துகிறது என்று அளக்கும் தாமதச் சோதனையை ஓட்டி, கோளாறைத் தீர்த்த பிறகே தொடர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் மூடிவிட்டு வெட்டப் போனீர்கள். சோதனையை எத்தனை நேரம் ஓட்டினீர்கள்?

திருகாணி:
மென்பொருளை நிறுவிய அன்று இரண்டு நிமிடம் ஓட்டினேன். 14,000 நானோவினாடிக்கு மேல் ஏறவில்லை. ஆனால் என் கேள்வி அதுவல்ல; எச்சரிக்கை ஏன் ஒரே முறை?

பல்சக்கரம்:
இரண்டு நிமிடம்! சாளரங்களை இழுத்துக்கொண்டும், பெரிய கோப்புகளை நகலெடுத்துக்கொண்டும், வரைகலை நிரலை ஓடவிட்டும் பல நிமிடங்கள் சோதிக்கச் சொல்கிறது கையேடு. மடிக்கணினிகளில் தாய்ப்பலகையின் மேலாண்மைக் குறுக்கீடுகள் எப்போதாவது ஒருமுறை எழுந்து இயங்குதளத்தையே நிறுத்தி வைக்கும்; அவை இரண்டு நிமிடத்தில் அகப்படாமலே போகலாம். பழைய பிரிண்டர் இணைப்பான பேரலல் போர்ட் வழியாக, மோட்டாரைப் படிப்படியாகச் சுழற்றும் மின்துடிப்புகளை மென்பொருளே அனுப்பும் அமைப்பில் அப்படியொரு குறுக்கீடு போதும், மோட்டார் படி தவறிவிடும். இந்த மென்பொருளுக்கு ஈஎம்சி என்று பெயர் இருந்த காலத்திலிருந்து நான் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

அச்சாணி:
எந்த ஈஎம்சி என்பதையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 1990களில் உருவாக்கியது வேறு. தன்னார்வலர்கள் அதைத் திருத்தி எழுதிய ஈஎம்சி2 வேறு. 2012இல் 2.5 பதிப்போடு லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரில் வெளிவந்தது பின்னது.

பல்சக்கரம்:
இரண்டையும் ஓட்டியவன் நான். எனக்கு வரலாற்றுப் பாடம் தேவையில்லை.

அச்சாணி:
பாடம் நடத்தவில்லை, காலக்கணக்கைக் காட்டிப் பிறர் வாயை அடைக்க வேண்டாம் என்கிறேன். விஷயத்துக்கு வருவோம். துடிப்புகளை அனுப்பும் அடிப்படைச் சுழல் 25 மைக்ரோவினாடி என்றால் நொடிக்கு 40,000 முறை ஓடும். ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு செய்தி எழுந்தால் திரை நிரம்பி வழியும். ஒரே முறை காட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

திருகாணி:
திரையை நிரப்பச் சொன்னது யார்? மூலையில் ஓர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் போதாதா? என்னுடையது, உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று திருப்பிச் சொல்லும் பின்னூட்டம் இல்லாத ஸ்டெப்பர் மோட்டார். படி தவறினால் கட்டளையிட்ட இடத்திலிருந்து அச்சு விலகினால் வரும் பின்தொடர் பிழைகூட எழாது, ஏனெனில் துடிப்பு அனுப்பியதையே அச்சு நகர்ந்ததாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அப்படியிருக்க, எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் செய்திதான். அதுவும் ஒரே முறை. மூன்று ஆண்டுகளுக்கு முன் திசை மாறும்போது திருகில் வரும் பல் இடைவெளியை ஈடுசெய்தல் குறித்துக் கேட்டபோதும் “கையேட்டைப் படியுங்கள்” என்றுதான் நீங்கள் பதில் எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

பல்சக்கரம்:
அன்றும் நீங்கள் படித்திருக்கவில்லை. துடிப்புகளை உண்டாக்கும் துடிப்பாக்கியின் முடுக்க எல்லையை அச்சின் எல்லையைவிடக் கூட்டி வைக்காமல், அதற்குச் சமமாக வைத்துவிட்டு மென்பொருளைத் திட்டினீர்கள். இதன் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 11ஆம் பிரிவு, உத்தரவாதம் கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. சம்பளமில்லாமல் இரவில் கண்விழித்து நிரல் எழுதுகிறவர்களிடம் வாடிக்கையாளரைப்போல் பேசுவதைத்தான் நான் கண்டிக்கிறேன். துடிப்பை வன்பொருளிடம் விடும் மெசா அட்டை ஒன்றைப் போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

திருகாணி:
உத்தரவாதம் இல்லை என்றால் இழப்பீடு கேட்க முடியாது என்று பொருள். பிழையைச் சுட்டக்கூடாது என்று எந்தப் பிரிவு சொல்கிறது? சுட்டுகிறவனை நன்றிகெட்டவன் ஆக்கிவிட்டால் அடுத்தவன் தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசாமல் போவான், பிழையும் அங்கேயே கிடக்கும்.

வார்ப்பு:
மெசா அட்டை எல்லோருக்கும் தேவையா என்ன? நான் பழைய மேசைக்கணினியில் பேரலல் போர்ட்டிலேயே துல்லியமாக வெட்டுகிறேன்.

பல்சக்கரம்:
நீங்கள் சோதனையை ஒழுங்காக ஓட்டியிருப்பீர்கள். அதுதான் வித்தியாசம்.

திருகாணி:
மறுபடியும் சோதனை. ஒரே முறை காட்டுவது சரியா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற கோரிக்கையை இன்றிரவு முறைப்படி பதிவு செய்கிறேன்.

பல்சக்கரம்:
தாராளமாகச் செய்யுங்கள். சோதனை ஓடியது இரண்டு நிமிடம் என்பதையும் அதில் எழுதுங்கள்.