ஆறிய தட்டில் மூன்றாம் நாள் விரிசல்: ஆனீலிங் போதவில்லையா, கண்ணாடி சேரவில்லையா?

நீலச்சில்லு:

வணக்கம். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி மின்சூளையில் உருக்கும் வேலையை ஏழு மாதமாகச் செய்து வருகிறேன். பதக்கங்கள், சிறு சதுரங்கள் எல்லாம் நன்றாகவே வந்தன. இப்போதுதான் முதன்முறையாக 25 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டத் தட்டு செய்தேன். அடியில் நிறமில்லாத 3 மி.மீ. கண்ணாடி. மேலே குளத்து நீர் போல டர்க்காய்ஸ் துண்டுகள், நடுவில் இரண்டு மஞ்சள் மீன்கள், ஓரத்தில் பச்சை இலைகள். இலைகளை டர்க்காய்ஸின் மேல் ஏற்றி வைத்ததால் அங்கே மட்டும் மூன்று அடுக்கு.

சூட்டுக் கணக்கு இதுதான்: மணிக்கு 200 டிகிரி செல்சியஸ் வீதம் நேராக 805 வரை, அங்கே 10 நிமிடம். இறங்கும்போது ஆனீலிங்குக்காக (உள்ளே இழுவை தங்காமல் இருக்க ஒரே சூட்டில் நிறுத்தி ஆற்றுவது) 510-இல் 30 நிமிடம். அதன்பின் சூளையை அணைத்துவிட்டேன். மறுநாள் காலை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறந்தேன். தட்டு முழுதாக இருந்தது. பிறகு அச்சின் மேல் வைத்து 660-இல் வளைத்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் இரவு, யாரும் தொடாமல் அலமாரியில் இருந்த தட்டிலிருந்து டக் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஓரத்திலிருந்து கிளம்பிய விரிசல் ஒரு இலையைச் சுற்றி வளைந்து, அடுத்த இலைவரை போயிருக்கிறது.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. மீனும் நீரும் தொடும் கோட்டில் பென்சிலால் வரைந்த மாதிரி ஒரு பழுப்பு நிறம். ஒரு பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குமிழி. எல்லாமே 90 வகைக் கண்ணாடி (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்லும் எண்). இலைகளுக்கான பச்சை மட்டும் ஒருவர் கொடுத்த கலவைப் பெட்டியிலிருந்து எடுத்தது. அதையும் 90 என்றுதான் சொன்னார். எங்கே தவறினேன்?

தணல்:

ஆனீலிங் போதவில்லை. 510-இல் அரை மணி நேரம் நிறுத்தி உடனே அணைத்தால் 25 செ.மீ. தட்டு தாங்காது. அடுத்த முறை ஒரு மணி நேரம் வையுங்கள், சரியாகிவிடும்.

வெண்படிகம்:

நீலச்சில்லு, அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னும் வேலை இருக்கிறது அதற்கு. இந்தத் தொழிலுக்கு வந்து எனக்குப் பதினாறு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம், ஏதாவது உடைந்தால் உடனே சூட்டுக் கணக்கை மாற்றுவேன். உடைந்ததை எடுத்து உற்றுப் பார்த்ததே இல்லை. அந்த மூன்று வருடத்தில் வீணான கண்ணாடியை நினைத்தால் இப்போதும் மனது வலிக்கிறது.

எப்போது உடைந்தது என்பதை விளிம்பு சொல்லிவிடும். சூடேறும்போது உடைந்திருந்தால், அதன்பின் வந்த உச்ச சூட்டில் அந்த விளிம்பும் உருகி மழுங்கியிருக்கும். ஆறும்போது உடைந்திருந்தால் கத்திபோலக் கூராக இருக்கும். விரலால் தடவ வேண்டாம், ஒரு பஞ்சுத் துணுக்கை மெல்ல இழுத்துப் பாருங்கள். கூரான விளிம்பில் இழை சிக்கும், மழுங்கிய விளிம்பில் வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் தட்டு ஆறி, அலமாரியில் இருந்தபோது விரிந்ததால் இந்தச் சோதனை உங்களுக்குத் தேவையில்லை. காலையில் சூளையைத் திறந்து இரண்டு துண்டாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அடுத்து, விரிசல் போன வழி. தணல் சொல்வது போல ஆனீலிங் மட்டும் காரணம் என்றால், விரிசல் பெரும்பாலும் நிறங்களைப் பொருட்படுத்தாமல் தட்டின் குறுக்கே போகும், முனையில் கொக்கிபோல வளையும். உங்களுடையது இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறது. எனக்கு அந்தப் பச்சையின் மேல்தான் சந்தேகம்.

90, 96 என்று நாம் சொல்லும் எண் விரிவுக் கெழு. 90 என்றால், ஒரு டிகிரி சூட்டுக்கு கண்ணாடி தன் நீளத்தில் கோடியில் 90 பங்கு நீளும். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் கண்ணாடி இறுகிய பிறகு அறைச் சூட்டுக்கு வர ஏறக்குறைய 450 டிகிரி இறங்க வேண்டும். 25 செ.மீ. தட்டு அதற்குள் சுமார் 1 மி.மீ. சுருங்கும். அதே அளவுள்ள 96 வகை அதைவிட 0.07 மி.மீ. அதிகம் சுருங்கப் பார்க்கும். ஒரு தலைமுடியின் தடிமன்தான் வித்தியாசம். இரண்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் அந்த முடியளவு இழுவை உள்ளேயே தங்கிவிடுகிறது. அன்றே உடையலாம், மூன்று நாள் கழித்து உடையலாம், மூன்று மாதம் கழித்தும் உடையலாம். ஜன்னல் கண்ணாடி இன்னும் கீழே, 85-ஐ ஒட்டி இருக்கும். அதை இந்த இரண்டோடும் சேர்க்கவே கூடாது.

எண் ஒன்றாக இருந்தாலும் போதாது. உருகிய கண்ணாடிப் பாகு எந்தச் சூட்டில் எவ்வளவு இறுகுகிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் புல்ஸ்ஐ போன்ற நிறுவனங்கள், தங்கள் கண்ணாடிகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று உருக்கிச் சோதித்து விற்கின்றன. வேறோர் இடத்தில் செய்த கண்ணாடியில் 90 என்று எழுதியிருந்தால், அது ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான்.

சோதிப்பது எளிது. கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலராய்டு வகைக் குளிர்கண்ணாடியைக் கண்முன் பிடித்து, திரை கறுக்கும்வரை திருப்புங்கள். இப்போது தட்டைத் திரைக்கும் குளிர்கண்ணாடிக்கும் நடுவில் பிடியுங்கள். இழுவை இல்லாத இடம் கறுப்பாகவே இருக்கும். இழுவை இருந்தால் இலையைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் தெரியும். தட்டு நன்றாக ஆறியிருக்க வேண்டும். கையில் பிடித்த சூட்டுக்கே அந்த இடம் கொஞ்சம் வெளுக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இதைத் தட்டு உடைந்த பிறகு செய்வதைவிட, செய்யும் முன் ஒரு பட்டையில் பார்ப்பது மேல். நிறமில்லாத அடிக்கண்ணாடியில் விரல் நீளப் பட்டை ஒன்று வெட்டி, சந்தேகமுள்ள நிறங்களில் நகத்தளவு சில்லுகளை இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு முனையில் அதே அடிக்கண்ணாடியின் சில்லு ஒன்றையும் கட்டாயம் வையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தன் இனத்தோடேயே ஒட்டிய அந்தச் சில்லைச் சுற்றி ஒளி தெரிந்தால் குறை ஆனீலிங்கில். அது கறுப்பாக இருந்து மற்றொன்றைச் சுற்றி மட்டும் ஒளி தெரிந்தால் குறை அந்த நிறத்தில்.

இதற்காக தணல் சொன்னதைத் தள்ளிவிடவும் வேண்டாம். புல்ஸ்ஐ தன் 90 வகைக்கு முன்பு 516 டிகிரியில் நிறுத்தச் சொன்னது, இப்போது 482 என்கிறது. 96 வகைக்கு 510. 6 மி.மீ. சீரான தட்டுக்கு ஒரு மணி நேரம், பிறகு மணிக்கு 80 டிகிரி அளவில் 427 வரை இறக்க வேண்டும். 12 மி.மீ. என்றால் இரண்டு மணி நேரம், இறக்கமும் மணிக்கு 55 டிகிரிதான். உங்கள் தட்டில் சில இடம் 6, சில இடம் 9. மேடு பள்ளமுள்ள தட்டில் தடித்த இடம் மெதுவாக ஆறும், மெல்லிய இடம் முந்திக்கொள்ளும். அதனால் இருப்பதைவிடத் தடிமனான தட்டு என்று நினைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். டேக் ஃப்யூஸ் செய்து (முழுதாக உருக்காமல் ஒட்டும் அளவுக்கு மட்டும் சூடாக்கி) மேடுகள் அப்படியே நிற்கும் துண்டுகளுக்கு நான் இரண்டு மடங்குத் தடிமனுக்கான கணக்கைத்தான் வைக்கிறேன். அச்சில் வளைத்தீர்களே, அந்தச் சுற்றுக்கும் இதே ஆனீலிங் முழுதாக வேண்டும். முதல் சுற்றில் செய்தது இரண்டாம் சுற்றில் அழிந்துவிடும்.

மெல்லொளி:

குமிழியையும் பழுப்புக் கோட்டையும் பற்றி நான் சொல்கிறேன்.

தட்டைத் திருப்பி, குமிழிக்கு நேர் கீழே தடவிப் பாருங்கள். அங்கே குழி இருந்தால் காற்று அடியிலிருந்து வந்திருக்கிறது: பலகை பள்ளமாக இருக்கலாம், அல்லது கில்ன் வாஷின் (கண்ணாடி ஒட்டாமல் இருக்கப் பலகையில் பூசும் பூச்சு) ஈரம் காயாமல் இருந்திருக்கலாம். நான் பூச்சு பூசியதும் பலகையை 260 டிகிரியில் 20 நிமிடம் காயவைத்த பிறகே கண்ணாடியை வைப்பேன். அடிப்பக்கம் சமமாக இருந்தால் காற்று இரண்டு அடுக்குக்கு நடுவில் மாட்டியிருக்கிறது. நீங்கள் எங்கும் நிற்காமல் 805-க்குப் போயிருக்கிறீர்கள். ஓரங்கள் முதலில் ஒட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்றுக்கு வழியே இல்லை. 600-இலிருந்து 680 வரை மணிக்கு 50 டிகிரியாக ஏற்றி, அங்கே அரை மணி நேரம் நிறுத்துங்கள். மேல் கண்ணாடி தன் எடையாலேயே மெல்லப் படிந்து காற்றைத் தள்ளிவிடும். அடுக்குகளுக்கு நடுவே ஓரத்தில் நான்கு இடங்களில் தெளிந்த ஃப்ரிட் (நொறுக்கிய கண்ணாடி) மணிகளை இரண்டிரண்டாகப் போட்டால் காற்று போக இடம் கிடைக்கும்.

பழுப்புக் கோடு அழுக்கு இல்லை. டர்க்காய்ஸுக்கு நிறம் தருவது செம்பு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வகைகள் பலவற்றில் கந்தகமோ செலினியமோ இருக்கும். இரண்டும் உருகித் தொட்டால் எல்லையில் இப்படிக் கறுக்கும். எனக்கு அந்தக் கோடு பிடிக்கும், மீனுக்கு வரப்பு வரைந்த மாதிரி இருக்கும். வேண்டாம் என்றால் நடுவில் தெளிந்த கண்ணாடி இழை ஒன்றை வைத்து இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

பலகைப் பூச்சைச் சுரண்டும்போதும், கண்ணாடிக்கு அடியில் விரிக்கும் ஃபைபர் தாள் எரிந்த தூளை எடுக்கும்போதும் நுண்தூசி தடுக்கும் முகமூடி போடுங்கள். நுரையீரல் விஷயத்தில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீலச்சில்லு:

எல்லோருக்கும் நன்றி. குமிழிக்குக் கீழே சமமாகத்தான் இருக்கிறது, ஆக நடுவில் மாட்டிய காற்று.

திரைச் சோதனையைச் செய்தேன். இலைகளைச் சுற்றி நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டிய மாதிரி வெள்ளை வட்டம். விரிசல் போகாத இலைகளிலும் அப்படியே. மீன்களைச் சுற்றிக் கறுப்பு.

பிறகு சில்லுப் பட்டை இரண்டு செய்தேன். முதலாவது என் பழைய கணக்கில்: பச்சையைச் சுற்றிப் பளிச்சென்று ஒளி, அடிக்கண்ணாடிச் சில்லைச் சுற்றியும் புகைபோல மங்கலாக ஒளி. இரண்டாவது 482-இல் ஒரு மணி நேரம் வைத்து மெதுவாக இறக்கியது: அடிக்கண்ணாடிச் சில்லு இருக்கும் இடமே தெரியவில்லை, மஞ்சளும் டர்க்காய்ஸும் கறுப்பு. பச்சை மட்டும் அப்படியே ஒளிர்கிறது. ஆக நீங்கள் இருவர் சொன்னதும் சரிதான்.

இரண்டு கேள்விகள். விரிந்த தட்டைத் திரும்பச் சூளையில் வைத்து ஒட்டவைக்கலாமா? அந்தப் பச்சையை என்ன செய்வது? நிறம் அவ்வளவு அழகு.

வெண்படிகம்:

ஒட்டும். ஆனால் இலைகள் உள்ளே இருக்கும்வரை இழுவையும் இருக்கும், மறுபடியும் விரியும். எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் சேராத கண்ணாடி சேராது. இலைப் பகுதியைத் தாராளமாக ஓரம் விட்டு வெட்டி நீக்கிவிட்டு, மீன் இருக்கும் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், இழுவை உள்ள கண்ணாடி நினைத்த கோட்டில் பிளக்காது. பிறகு ஓரங்களை அரைத்து, அரைத்த தூள் துளியும் இல்லாமல் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். தூள் தங்கினால் அடுத்த சுற்றில் அந்த ஓரம் வெளுத்துப் பொரிந்து டீவிட் ஆகும் (பரப்பு படிகமாகி மங்கும்). சிறிய தட்டாக, புதிய அடிக்கண்ணாடி மேல் வைத்து உருக்கினால் மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

பச்சையைத் தூக்கிப் போட வேண்டாம். அதை அதனோடேயே சேர்த்து உருக்குங்கள், முழுப் பச்சைக் கிண்ணம் ஒன்று வரும். ஆனீலிங் எங்கே என்று தெரியாததால் 510-இல் ஒன்று, 482-இல் ஒன்று என்று சிறு துண்டுகளில் செய்து திரையில் பாருங்கள். அதன் பொடியையும் சில்லுகளையும் தனி டப்பாவில் மூடி வையுங்கள். மற்ற ஃப்ரிட்டோடு ஒரு கரண்டி கலந்துவிட்டால் எந்தத் தட்டில் போனது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

கலவைப் பெட்டியில் மிச்சம் இருக்கும் நிறங்களையும் இந்த வாரமே ஒரு பட்டையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நிறமில்லாத துண்டுகள் இருந்தால் முதலில் அவற்றை. பச்சையையாவது பார்த்தால் அடையாளம் தெரியும், அவை உங்கள் அடிக்கண்ணாடியோடு கலந்தால் தெரியாது.

நீலச்சில்லு:

அப்படி ஏழு துண்டுகள் இருக்கின்றன. இப்போதே காகித நாடா ஒட்டிக் குறித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். நாளை பட்டை வெட்டுகிறேன்.