புதுப்பிப்பு: கிளாசிக்ஸை ஜாலியா படிக்க முடியுமான்னு கேட்டிருந்தேனே

பரீட்சைக்காக படிச்சே கிளாசிக்ஸ் மேல வெறுப்பு வந்துடுச்சு, இந்த வயசுல எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் ஐடியா குடுத்தீங்க, நன்றி மக்களே. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' நாவலை எடுத்தேன். முன்னுரையை கடைசியா படின்னு ஒருத்தர் சொன்னாரு பாருங்க, அவருக்கு கோயில் கட்டணும், முழு கதையையும் அதுலயே போட்டு உடைச்சு வச்சிருக்காங்க!

இது 1866ல மாசாமாசம் பத்திரிகைல தொடரா வந்ததாம், அதான் ஒவ்வொரு அத்தியாயமும் கீழ வைக்க விடாம இழுத்துட்டு போகுது. கொலை முதல் பாகத்துலயே முடிஞ்சிடுது. உள்ள கதாநாயகன் ரஸ்கோல்நிகோவ் கோடாலியோட மூச்சடக்கி நிக்கிறான், வெளிய ரெண்டு பேர் கதவை பிடிச்சு உலுக்குறாங்க, கொக்கி குதிக்கிறதையே பாத்துட்டு நிக்கிறான்... எனக்கு கை வேர்த்துடுச்சு, இதுக்கா பத்து மார்க் கேள்வி கேட்டாங்க?

பேர்தான் தலைவலி. ரோடியா, ரோடியான் ரொமானோவிச், ரஸ்கோல்நிகோவ் எல்லாம் ஒரே ஆளுதான், புக்மார்க்லயே லிஸ்ட் எழுதி வச்சிட்டேன். மார்மெலாதோவ்னு ஒரு குடிகாரர் குடிச்சிட்டு புலம்புற இடம் நீளம்தான், ஆனா தாண்டிடாதீங்க, அவரோட பொண்ணு சோனியா கதை அங்கதான் தொடங்குது.

அடுத்து அலெக்சாந்தர் டூமாவோட 'மாண்டி கிறிஸ்டோ' நாவல். சுருக்கின பதிப்பு வேணாம், முழுசாதான்.