கீழ்த்தளத்தில் புரொஜெக்டர்: அப்பா முகமே தெரியவில்லை

ஈசூன்காரி:
அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கூட்டம். சிங்கப்பூர் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம்மவர்களைப் பற்றி நான் பேசுகிறேன். அப்பா அங்கே சாயம் பூசுபவர். 1968இல் தளம் கைமாறி கப்பல் பட்டறை ஆன பிறகும் அங்கேயேதான் இருந்தார். அவர் சேர்த்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 22 இருக்கின்றன.

தெரிந்தவரிடம் புரொஜெக்டரும் லேப்டாப்பும் இரவல் வாங்கி நேற்று மாலை ஒத்திகை பார்த்தேன். பெட்டியில் வெளிச்சம் 3,000 லூமன்ஸ் என்று போட்டிருக்கிறது. நாலு மீட்டர் தள்ளி முக்காலியில் வைத்து, முன்பக்கத்துக்கு இரண்டு புத்தகம் முட்டுக் கொடுத்தேன். படம் சுவரை அடைத்துக்கொண்டு வந்தது. ஆனால் எல்லாம் ஒரே சாம்பல், அப்பா எங்கே நிற்கிறார் என்று நானே தேட வேண்டியதாயிற்று. மேலே அகலம், கீழே குறுகல் வேறு. போதாததற்கு தமிழ்த் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் கொக்கியுமாக வந்தன. பெரிய மெஷின் வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா?

பழைய ஏவி ஆள்:
வேண்டாம், தங்கச்சி. பள்ளிக்கூடத்தில் 19 வருடம் இந்த மெஷின்களோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

புரொஜெக்டருக்கு வெளிச்சம் வீசத்தான் தெரியும், கறுப்பை வீசத் தெரியாது. திரையில் கறுப்பு என்று நாம் பார்ப்பது வெளிச்சம் விழாத இடம். ஐந்தரை மணிக்குக் கீழ்த்தளச் சுவர் ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும். அப்பாவின் தலைமுடி அந்தச் சுவரைவிடக் கறுப்பாக வர வழியே இல்லை. கறுப்பு வெள்ளைப் படம் இதில்தான் அதிகம் அடிபடும்.

நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். அதனால் முதலில் பேச்சு, பலகாரம். படத்தை ஏழேகாலுக்குப் போடுங்கள்.

அடுத்தது, படத்தைச் சின்னதாக்குங்கள். இது பலருக்குப் பிடிக்காது, பெரிதாக இருந்தால்தான் கௌரவம் என்று நினைப்பு. இரண்டரை மீட்டர் அகலத்தை ஒன்றேகால் ஆக்கினால் பரப்பு கால்வாசி, அதே வெளிச்சம் நாலு மடங்கு அடர்த்தியாக விழும். நீங்கள் ஒன்றரை மீட்டரில் நிறுத்தினாலே போதும். மெஷினைச் சுவருக்குக் கிட்டே நகர்த்துங்கள். மெனுவில் எக்கோ மோடு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது மின்சாரத்தை மிச்சப்படுத்த வெளிச்சத்தைக் குறைக்கும்.

கோணல் அந்தப் புத்தகங்களால் வந்தது. கீஸ்டோன் பட்டனை அமுக்கிச் சரிசெய்யலாம்தான். ஆனால் அது படத்தைக் கசக்கித்தான் நேராக்கும், எழுத்து மங்கும். ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை. தமிழில் புள்ளி கரைந்தால் 'க்' 'க' ஆகிவிடும், பிறகு பெரியவர்கள் எழுந்து நின்று திருத்துவார்கள்! மேசைமேல் மட்டமாக வையுங்கள். பெரும்பாலான மெஷின்களில் படம் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கித்தான் எழும்.

முடிந்ததும் பிளக்கை உருவாதீர்கள். பல்பு வைத்த மெஷின் என்றால் விசிறி தானாக நிற்கும்வரை பொறுங்கள்.

தட்டச்சுத்தம்பி:
அக்கா, கொக்கி விஷயம் எழுத்துருதான். யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைச் செருகியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினி ஆங்கிலத்தைத்தான் காட்டும். யூனிகோடுக்கு மாற்றி நிர்மலா யூஐ என்ற எழுத்துருவில் போடுங்கள், விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. அவசரத்துக்கு உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும்.

மூன்றாம் மாடி:
எதற்கு இவ்வளவு பாடு? 55 அங்குல டிவியைக் கீழே இறக்கினால் ஐந்தரைக்கே தெரியுமே.

பழைய ஏவி ஆள்:
பதினைந்து பேர் என்றால் டிவியே மேல், ஒத்துக்கொள்கிறேன். கூட்டம் எத்தனை பேர்?

ஈசூன்காரி:
நாற்பது பேர் வரலாம், பாதிப் பேர் கண்ணாடி போட்ட பெரியவர்கள். அதனால் டிவி சரிப்படாது. நேற்று ஏழே இருபதுக்கு, ஒன்றரை மீட்டர் அகலத்தில், மேசைமேல் வைத்துப் போட்டேன். பட்டறை வாசல் படத்தில் அப்பாவின் சட்டையில் சாயம் தெறித்த புள்ளிகள்கூடத் தெரிகின்றன. வீட்டில் அந்தப் படத்தைத் தினமும் துடைக்கிறேன், கவனித்ததே இல்லை. தலைப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன், பதினான்கு முடிந்தது.

இன்னொன்று. பிளக் தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் யாரிடமாவது இருக்கிறதா? ஈசூன் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.