"வளரும் நாடு" அதிகாரப்பூர்வப் பட்டியல் எங்கே கிடைக்கும்? மூன்று கோப்பில் மூன்று விடை வருகிறது

நள்ளிரவு_எக்செல்:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக 1990 முதல் 2022 வரை நாடுவாரியாகக் குழந்தை இறப்பு விகிதம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் "வளரும் நாடா?" என்று ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். இன்றோடு நாலு நாள்.

சிக்கல் என்னவென்றால், உலக வங்கியின் வகைப்பாட்டுக் கோப்பில் "வளரும்" என்ற சொல்லே இல்லை. குறைந்த வருமானம், கீழ்நடுத்தரம், மேல்நடுத்தரம், உயர் வருமானம் என்று நாலு வகுப்புதான் இருக்கிறது. ஐ.நா.வின் பழைய பட்டியல் ஒன்றில் தென்கொரியா வளரும் நாடு. பன்னாட்டு நாணய நிதியத்தின் கோப்பில் அதே தென்கொரியா முன்னேறிய பொருளாதாரம். இந்தோனேசியா 2021-ல் மேல்நடுத்தரம், 2022-ல் கீழ்நடுத்தரம் என்று வருகிறது. கோப்புகளை இணைத்தபோது ஏதோ பிசகிவிட்டதா தெரியவில்லை. வெனிசுவேலாவுக்குக் கடைசி ஆண்டுகளில் வகுப்பே இல்லை.

நெறியாளரிடம் கேட்டால் "அதிகாரப்பூர்வப் பட்டியலைப் போடு" என்கிறார். எது அது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புத்தொழிலாளி:

இந்தோனேசியாவை முதலில் முடிச்சிடலாம், அது சுலபம். உலக வங்கியின் வரலாற்றுக் கோப்பில் தலைப்பு வரி ரெண்டு இருக்கும், பாருங்க. ஒண்ணு வங்கியோட நிதியாண்டு, இன்னொண்ணு தரவு எந்த நாட்காட்டி ஆண்டைச் சேர்ந்ததுன்னு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வருஷ இடைவெளி. 2020 ஜூலை 1-ம் தேதி வந்த வகைப்பாடு 2019 வருமானத்தை வெச்சுப் போட்டது, ஆனா பேரு நிதியாண்டு 2021. நீங்க மேல் வரியை ஆண்டுன்னு எடுத்துக்கிட்டு இறப்பு விகிதத்தோட இணைச்சிருக்கீங்க. அதனால இந்தோனேசியா மட்டும் இல்ல, உங்க அட்டவணை முழுக்க ரெண்டு வருஷம் தள்ளி நிக்குது.

சரி பண்ணினாலும் இந்தோனேசியா குதிக்கத்தான் செய்யும், அது நிஜம். 2019-ல் அதோட தலா வருமானம் 4,050 டாலர், கீழ்நடுத்தரத்தோட உச்சவரம்பு 4,045. அஞ்சு டாலர்ல மேல ஏறிச்சு. மறுவருஷம் பெருந்தொற்று, 3,870-க்கு இறங்கி பழைய வகுப்புக்கே வந்துடுச்சு. 2022 தரவுல திரும்பவும் மேல.

இலங்கை இன்னும் வேடிக்கை. 2018 தரவுப்படி 4,060 டாலர், கோடு 3,995, அதனால மேல்நடுத்தரம். அடுத்த வருஷம் வருமானம் 40 டாலர்தான் குறைஞ்சுது. ஆனா கோடும் 50 டாலர் ஏறிடுச்சு. 4,020-ன்னு கீழ வந்துட்டாங்க.

வெனிசுவேலா உங்க தப்பு இல்ல. நம்பகமான தரவு கிடைக்கலைன்னு 2021 ஜூலையில வங்கியே அதை வகைப்படுத்தாம விட்டுடுச்சு. காலியாவே வெச்சுக்கோங்க, பூஜ்யம் போட்டுடாதீங்க.

நள்ளிரவு_எக்செல்:

ஐயோ, ஆமாம். கீழ் வரியைப் பார்க்கவே இல்லை. மாற்றிவிட்டேன், இந்தோனேசியா நீங்கள் சொன்னபடியே வருகிறது. மிக்க நன்றி அண்ணா.

ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. இந்த நாலு வகுப்பில் எதுவரை "வளரும்"? உயர் வருமானம் தவிர எல்லாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய_ஆவணம்:

எடுத்துக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஆய்வேட்டில் காரணம் எழுத வேண்டுமே. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் தம் பதவியேற்பு உரையின் நான்காவது அம்சமாக "வளர்ச்சி குன்றிய பகுதிகளுக்கு" தொழில்நுட்ப உதவி என்று அறிவித்தார். அந்தச் சொல் உலக அரசியலில் பரவியது அதன் பிறகுதான். எந்தப் பகுதி குன்றியது, எவ்வளவு குன்றினால் குன்றியது என்று அளவுகோல் எதுவும் அதில் இல்லை. 1952-ல் ஆல்ஃப்ரெட் சோவி என்ற பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் ஒரு வார இதழில் "மூன்றாம் உலகம்" என்று எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் குருமார், பிரபுக்கள் போக மிச்சமிருந்தவர்களை மூன்றாம் பிரிவு என்றார்களே, அதை மனதில் வைத்துச் சொன்னது. இரண்டு வல்லரசு அணிகளும் கவனிக்காமல் விட்ட, தானும் ஏதோ ஒன்றாக வேண்டும் என்று நினைத்த உலகம் என்பது பொருள். மூன்றாம் தரம் என்ற அர்த்தம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

"குன்றிய" என்பது காதுக்குக் கசந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் ஐ.நா.வில் கூடக்கூட "வளரும்" என்பது அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. 1964-ல் ஜெனீவாவில் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாடு நடந்து முடிந்தபோது 77 நாடுகள் சேர்ந்து கூட்டறிக்கை விட்டன. அதுதான் ஜி-77. இன்று 134 உறுப்பினர்கள், பெயர் மட்டும் மாறவில்லை. "வளரும் நாடுகள்" என்று அரசியல் மேடையில் யாராவது பேசினால் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் தேடும் அளவுகோல் இங்கேயும் கிடையாது. சேர்ந்தவர்கள் உறுப்பினர், அவ்வளவுதான்.

எண்ணால் கோடு போடும் வேலை உலக வங்கியின் முதல் வளர்ச்சி அறிக்கையில், 1978-ல், கண்ணில் படுகிறது. அதிலும் வருமானம் மட்டும் போதவில்லை. தொழில்மய நாடுகள் ஒரு பிரிவு, அரசே பொருளாதாரத்தைத் திட்டமிடும் நாடுகள் ஒரு பிரிவு, மூலதனம் உபரியாக உள்ள எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் தனிப் பிரிவு. குவைத்தின் தலா வருமானத்தைப் பார்த்தால் பணக்கார வரிசையில் உட்கார வைக்க வேண்டும். தொழில்மய நாடு என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதற்காகவே ஒரு பெட்டி செய்தார்கள். 1989-ல்தான் வருமானத்தை மட்டும் வைத்துப் பிரிக்கும் இப்போதைய முறை வந்தது. 1987 விலைவாசியில் 6,000 டாலருக்கு மேல் என்றால் உயர் வருமானம். ஏன் 6,000? அதுவரை தொழில்மய நாடுகள் என்று வைத்திருந்தவை ஏறக்குறைய முழுதும் மேலே நிற்கும்படி விழுந்த எண் அது. பழைய பட்டியலுக்குப் பொருந்தும்படி கோடு போட்டார்கள் என்பது என் வாசிப்பு. அன்று முதல் அதையே பணவீக்கத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொண்டு வருகிறார்கள். 2025 ஜூலையில் 13,935 டாலர்.

வர்த்தக_வழக்கு:

மேலே சொன்னவரோடு ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: உலக வர்த்தக அமைப்பில் யார் வளரும் நாடு என்பதை அந்தந்த நாடே சொல்லிக்கொள்ளலாம். வரையறையே கிடையாது. மற்ற உறுப்பினர்கள் குறிப்பிட்ட சலுகையை எதிர்த்து வாதாடலாமே தவிர, பட்டத்தைப் பிடுங்க முடியாது. கூடுதல் கால அவகாசம், குறைவான இறக்குமதி வரிக்குறைப்பு என்று கையில் காசாக விழும் சலுகைகள் என்பதால் யாரும் எளிதில் விடுவதில்லை. 2019-ல் பிரேசிலும் பிறகு தென்கொரியாவும் இனி வரும் பேச்சுவார்த்தைகளில் அந்தச் சலுகையைக் கேட்க மாட்டோம் என்றன. அப்போதும் கொரியா "நாங்கள் வளரும் நாடு இல்லை" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஏற்கெனவே உள்ளதை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

சட்டப்படி உறுதியான வரையறை உள்ள ஒரே பிரிவு, மிகவும் பின்தங்கிய நாடுகள். 1971-ல் ஐ.நா. பொதுச்சபை 25 நாடுகளோடு தொடங்கியது. அப்போது தலா உற்பத்தி, உற்பத்தித் தொழிலின் பங்கு 10 சதவீதத்துக்குள், எழுத்தறிவு 20 சதவீதத்துக்குள் என்று மூன்று அளவு. இப்போது தலா வருமானம், மனிதவளக் குறியீடு, பொருளாதார–சூழல் நலிவுக் குறியீடு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பரிசீலனை. பட்டியலில் சேர்க்க அந்த நாட்டின் சம்மதமும் வேண்டும். தகுதி இருந்தும் கானா வேண்டாம் என்றது. இப்போது 44 நாடுகள் உள்ளன.

குறுக்கே_பேசுபவன்:

இவ்வளவு சுத்தணுமா? எல்லாம் அரசியல். தலா வருமானம் ஒண்ணை எடுத்து கோடு போட்டுட்டு போக வேண்டியதுதானே. இந்தத் தம்பிக்கு ஒரு நெடுவரிசைதான் வேணும்.

பழைய_ஆவணம்:

ஈக்வடோரியல் கினியை எங்கே வைப்பீர்கள்? எண்ணெய் கிடைத்த பிறகு தலா வருமானம் வரம்பைவிடப் பல மடங்கு போனது. மனிதவளம், நலிவு என்ற மற்ற இரண்டு அளவிலும் தேறவே இல்லை. வருமானம் ஒன்றை மட்டும் காரணம் காட்டி 2017-ல் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து விடுவித்தார்கள். தம்பியின் ஆய்வு குழந்தை இறப்பு பற்றியது. வருமானக் கோடு மட்டும் போட்டால் அவர் தேடுவதே மறைந்துவிடும். 1990-ல் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் வருமானத்தோடு கல்வி, ஆயுட்காலத்தையும் சேர்த்து அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தது இந்த இடத்தில்தான்.

குறுக்கே_பேசுபவன்:

சரி, அது நியாயம். ஆனா அந்தக் குறியீட்டை இவர் எடுக்கக் கூடாது. அதுக்குள்ள ஆயுட்காலம் இருக்கு. குழந்தை இறப்பு குறைஞ்சா ஆயுட்காலம் தானா ஏறும். விடையை வெச்சே கேள்வியைப் பிரிச்ச கதை ஆயிடும்.

கோப்புத்தொழிலாளி:

குறுக்கே பேசினாலும் சரியான இடத்துல பேசியிருக்கார் 😀

தென்கொரியா பாக்கி இருக்கு. ஐ.நா. புள்ளியியல் பிரிவு 1996-ல் போட்ட பிரிவு கிட்டத்தட்ட வரைபடத்தைப் பார்த்துப் போட்டது: ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வளர்ந்தவை, மீதி பெரும்பாலும் வளரும். நாணய நிதியம் 1997-லயே கொரியாவை முன்னேறிய பிரிவுக்கு மாத்திடுச்சு. ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி அமைப்பு 2021-ல்தான் மாத்துச்சு. அதே வருஷக் கடைசியில புள்ளியியல் பிரிவு இந்த வளர்ந்த/வளரும் பிரிவையே தூக்கிடுச்சு. உலக வங்கி தன்னோட தரவுத் தொகுப்புல 2016-லயே விட்டாச்சு. நெறியாளர் கேட்கிற அந்த அதிகாரப்பூர்வப் பட்டியல், போட்டவங்களே கைவிட்ட ஒண்ணு. இதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க.

இப்ப நிஜமான ஆபத்து. வகுப்பை வருஷா வருஷம் மாத்திக்கிட்டே போனா உங்க முடிவு தப்பா வரும். 2000-களோட தொடக்கத்துல குறைந்த வருமான நாடுகள் 60-க்கு மேல. 2024 ஜூலை வகைப்பாட்டுல 26. யார் வெளியே போனாங்க? முன்னேறினவங்க. இந்தியா, வங்கதேசம் எல்லாம் அந்த வகுப்புல இருந்தவங்கதான், சீனா அதுக்கும் முன்னாடியே போயாச்சு. அவங்க போன பிறகு உள்ளே நிக்கிறது பெரும்பாலும் போர் நடக்கிற நாடுகள், அரசு இயங்காத நாடுகள். அந்த வகுப்போட சராசரியை 1990-ல் இருந்து கோடா வரைஞ்சா "ஏழை நாடுகள்ல ஒண்ணும் பெருசா மாறலை"ன்னு காட்டும். நல்லாப் படிச்ச பசங்களை எல்லாம் அடுத்த வகுப்புக்கு அனுப்பிட்டு, இந்த வகுப்புல மார்க்கே ஏறலைன்னு சொல்ற மாதிரி.

அதனால 1990 தரவுக்கான வகுப்பைப் போட்டு 2022 வரை அதையே பூட்டி வைங்க. ஆண்டுவாரி வகுப்பைப் பின்னிணைப்புல ஒப்பீட்டுக்குப் போடுங்க. இன்னொண்ணு, இன்னைக்கு இருக்கிற வருமானத் தொடரை இறக்கி நீங்களே கோடு போட்டுப் பார்க்காதீங்க. வருமான மதிப்பீட்டைப் பின்னாடி திருத்தினாலும் வங்கி அன்னைக்கு அறிவிச்ச வகுப்பைத் திருத்தாது. ரெண்டும் ஒத்துப்போகாது, இன்னும் நாலு நாள் போயிடும்.

நள்ளிரவு_எக்செல்:

செய்து பார்த்தேன். ஆண்டுவாரி வகுப்பில் குறைந்த வருமானக் கோடு ஏறக்குறைய படுத்துக் கிடந்தது. 1990 வகுப்பைப் பூட்டியதும் நன்றாக இறங்குகிறது. ஒரே தரவு, ஒரே விகிதம். நெறியாளரிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, தலைப்பில் "வளரும் நாடுகள்" என்பதை எடுத்துவிட்டு "1990-ல் குறைந்த, நடுத்தர வருமானத்தில் இருந்த நாடுகள்" என்று போடச் சொன்னார். மிகவும் பின்தங்கிய நாடுகளைத் தனி நெடுவரிசையாக வைத்திருக்கிறேன், வர்த்தக_வழக்கு அவர்களுக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. 1990 நெடுவரிசையில் உக்ரைன், கஜகஸ்தான் மாதிரி பல நாடுகளுக்கு இரண்டு புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. விட்டுவிடலாமா?

கோப்புத்தொழிலாளி:

விடாதீங்க. அப்ப அந்த நாடுகளே இல்லை, சோவியத் யூனியன்தான் இருந்துச்சு. கோப்போட அடிவரிகளைப் பாருங்க, இப்ப இல்லாத நாடுகள் அங்க தனியா இருக்கும், யூகோஸ்லாவியாவும் அங்கதான். புதுசா வந்த நாடுகளுக்கு முதல்ல எந்த ஆண்டு வகுப்பு இருக்கோ அதை எடுத்து, பக்கத்துல ஒரு அடையாள நெடுவரிசை போட்டுடுங்க. அவங்களைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காம ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அந்த ரெண்டு புள்ளியை எக்செல் எழுத்தா எடுத்துக்கும், எண்ணுன்னு நினைச்சு சராசரி போட்டுடாதீங்க.