புதுப்பிப்பு: ஒரே பார்ட்டிஷன், மூணு ஃபோல்டர், வேலை முடிஞ்சுது

போன வாரம் கேட்டிருந்தேன்ல, உபுண்டு (லினக்ஸ்) சர்வர்ல ரூட், அதாவது சிஸ்டம் இருக்குற மெயின் இடம், நிரம்பிடுச்சு, புதுசா போட்ட 500 ஜிபி டிஸ்க்க தனித்தனி பார்ட்டிஷனா துண்டு போடாம ஹோம், வெப்சைட், மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) ஃபோல்டர் மூணுக்கும் எப்படி பகிர்றதுன்னு. பைண்ட் மவுண்ட்தான், அதாவது புது டிஸ்க்ல இருக்குற ஃபோல்டர பழைய ஃபோல்டர் இடத்துலயே தெரிய வைக்கிறதுதான், சரியா வந்துச்சு. சிம்லிங்க் (வேற இடத்த காட்டுற ஷார்ட்கட் மாதிரி) போட்டப்போ மைஎஸ்க்யூஎல் எந்திரிக்கவே இல்ல, ஆப்ஆர்மர் (எந்த புரோகிராம் எந்த ஃபைல தொடலாம்னு கட்டுப்படுத்துற பாதுகாப்பு) லிங்க்க பாக்காது, உண்மையான பாதையத்தான் பாக்கும், அது அனுமதிச்ச பாதை இல்லன்னு தடுத்துடுச்சு. அப்புறம் சர்வீஸெல்லாம் நிறுத்திட்டு ஆர்சிங்க்ங்கிற காப்பி கமாண்ட்ல புது டிஸ்க்குக்கு காப்பி பண்ணி, எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எத எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) டிஸ்க் வரிக்குக் கீழ மூணு பைண்ட் வரி சேத்தேன்.

அப்பவும் ரூட் நிரம்பியேதான் இருந்துச்சு, ஒரு மணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டு பாத்தா பழைய ஃபைலெல்லாம் மவுண்ட்டுக்கு அடியில ஒளிஞ்சு கெடக்கு! மவுண்ட்ட கழட்டி அந்த பழைய ஃபைல அழிச்சதும்தான் எடம் வந்துச்சு. மூணுலயும் காலி இடம் ஒரே அளவுதான் காட்டும், ஒரே டிஸ்க்தானே. கோட்டா (எவ்ளோ இடம் எடுக்கலாம்ங்கிற வரம்பு) மட்டும் இன்னும் போடல.