‘பர்ரோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் ‘தோண்டு’ என்று பொருள் சொன்னால் போதுமா?

கேள்வி (பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்)

வணக்கம். நான் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். முயல் வேலிக்கு அடியில் ‘பர்ரோ’ செய்து தோட்டத்துக்குள் வந்தது என்று ஒரு வாக்கியம் வந்தபோது, ‘தோண்டியது’ என்று பொருள் சொன்னேன். உடனே ஒரு மாணவி, எலும்பைப் புதைக்க நாயும் தோண்டுகிறதே, அதற்கும் இச்சொல்லைப் போடலாமா என்று கேட்டாள். இன்னொரு மாணவன், எங்கள் கொல்லையில் முயல் புதரடியில்தான் படுத்திருக்கும், அது மண்ணைப் பறித்துப் பார்த்ததே இல்லை என்றான். இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடையோடு வகுப்புக்குப் போக விரும்புகிறேன். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்)

வணக்கம் அம்மா. நாய் எலும்பைப் புதைப்பதற்கு, வெறுமனே தோண்டுவதைக் குறிக்கும் ‘டிக்’ என்பதே பொருத்தம், ஏனெனில் அங்கே மண்ணை எடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. ‘பர்ரோ’ என்று சொன்னால், தோண்டுகிற உயிர் தான் தோண்டிய வழியிலேயே உடலோடு உள்ளே போகிறது என்பதும் அச்சொல்லுக்குள் அடக்கம்.

எங்கள் கேழ்வரகுக் கொல்லையில் விடியற்காலையில் நடந்தால், வரப்போரத்தில் ஈரம் காயாத பொடிமண் குவியல் ஒன்று கிடக்கும். அதைக் கையால் விலக்கினால்தான் வளையின் வாய் தெரியும், ஏனெனில் வயல் எலி உள்ளே போனதும் மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்கிறது. மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே போனால், வளை கிளை பிரிந்து சென்று, ஒரு கிளையின் கோடியில் அது அறுத்து இழுத்துவந்த கதிர்கள் நெருக்கமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வளைதான் பெயர்ச்சொல்லாகிய ‘பர்ரோ’. வினையாக வரும்போது நமக்கு இரண்டு வினைகள் தேவைப்படுகின்றன: ‘முயல் வேலிக்கு அடியில் வளை பறித்து உள்ளே புகுந்தது.’

மறுமொழி (ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்)

அந்த மாணவன் சொன்னது முற்றிலும் சரி, அவனைப் பாராட்டுங்கள். நம் கொல்லைகளில் திரியும் காட்டு முயலை ஆங்கிலத்தில் ‘ஹேர்’ என்பார்கள். அது வளை பறிக்காமல், புல்லிலோ புதரடியிலோ உடல் பதியும் அளவுக்குக் குழிந்த இடத்தில் ஒடுங்கியிருக்கும், அதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். பாடத்தில் வருவது ஐரோப்பாவின் ‘ராபிட்’. அதன் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியபடி பிறப்பதால், அவற்றுக்கு மண்ணுக்குள் மறைவிடம் வேண்டும். பல வளைகள் ஒன்றோடொன்று சேர்ந்த இருப்பிடத்துக்கு ‘வாரன்’ என்று தனிப்பெயரே உண்டு.

காட்டுப்பன்றி மூக்கால் நிலக்கடலைச் செடிகளைக் கிண்டிப் போடுவதற்கும் ‘பர்ரோ’ ஆகாது, அதற்கு ‘ரூட்’ என்ற வினை இருக்கிறது. ‘பொந்து’ பெரும்பாலும் மரத்துக்கு உரியது, ‘புற்று’ கறையான் எழுப்புவது, எனவே எலிக்கும் நண்டுக்கும் நாம் சொல்லும் ‘வளை’யே இங்கே பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குழந்தை தாயின் தோளில் ‘பர்ரோ’ செய்தது என்று வேறொரு பாடத்தில் இருக்கிறது, அங்கே மண்ணே இல்லையே?

மறுமொழி (தேன்கனிக்கோட்டை)

மண் இல்லாவிட்டாலும் உள்ளே புகுந்து மறைகிற பொருள் அப்படியே நிற்கிறது. ‘தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டது’ என்று எழுதுங்கள். கடன் வாங்குவதைக் குறிக்கும் ‘பாரோ’வோடு பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொள்வார்கள் என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டாம் எழுத்து இங்கே ‘யு’, அங்கே ‘ஓ’ என்று காட்டிவிடுங்கள்.